கடைசிப் பக்கத்துச் சீட்டு

ரஞ்சன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தின் இருபத்திரண்டு அடுக்குமாடி புளோக்குகளின் லிஃப்ட்டுகள் அவன் பொறுப்பு. வயது நாற்பத்தேழு. லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால் உள்ளே எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பான். என்ன கோளாறு என்பது அப்புறம்.

மற்ற நேரங்களில் காமிக்ஸ் படிப்பான். புதிய வீடுகளில் போர்க்காலத்துக்கென்று தடித்த இரும்புக் கதவு போட்ட காப்பறை ஒன்று இருக்கும். ரஞ்சன் வீட்டுக் காப்பறையில் தரையிலிருந்து கூரை வரை ஜப்பான் காமிக்ஸ்தான். "சண்டை வந்தா நாம ரெண்டு பேரும் வெளிய நிப்போம். புத்தகம் உள்ள சேஃபா இருக்கும் லா" என்பாள் அவன் மனைவி அனுப்ரியா.

பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒரு மதியம், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் நின்றது. உள்ளே ஒருவர். நாற்பது நிமிடம் கழித்துக் கதவை நெம்பித் திறந்தபோது அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு காமிக்ஸைப் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இருங்க தம்பி. இன்னும் நாலு பக்கம் இருக்கு."

ரஞ்சன் கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு நாலு பக்கம் முடியும்வரை நின்றான். பிறகு கேட்டான்.

"எந்தப் பதிப்பகம் பாய்?"

அப்துல் கஃபாருடன் பழக்கம் அப்படி ஆரம்பித்தது. கஃபார் துவாஸில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அதே புளோக்கில், அதே ஏழாவது மாடியில் வீடு. கொஞ்ச நாளில் யதீசனும் சேர்ந்தான். பாசிர் ரிஸ்காரன், வங்கியில் வேலை, இருவரையும்விட இளையவன்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டன்லப் தெருவில் ஒரு தேநீர்க்கடையில் மூவரும் கூடுவார்கள். ஆளுக்கொரு கட்சி. ரஞ்சனுக்கு ஜப்பான் பதிப்பகங்கள். யதீசனுக்கு அமெரிக்காவின் இரண்டு பெரிய கம்பெனிகள். கஃபாருக்குச் சிங்கப்பூர், ஜொகூர், ஜகார்த்தாவிலிருந்து இருநூறு பிரதி மட்டும் அச்சடிக்கிற சின்னப் பதிப்பகங்கள். அந்த மாதம் வந்ததில் தனக்கு மிகவும் பிடித்த ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவருவார்கள். மாற்றிக்கொள்வார்கள். படித்துவிட்டு அடுத்த மாதம் சண்டை போடுவார்கள்.

"இவன் அமெரிக்காக்காரன் செத்தவன எழுப்பி எழுப்பி விக்கிறான்" என்பார் கஃபார் ரஞ்சனிடம். "நீ என்னடான்னா பின்பக்கமாப் போற பஸ்ஸுல ஏறி உக்காந்திருக்க. நான் ஒருத்தன்தான்டா மனுஷனப் படிக்கிறேன்."

"பாய், உங்க மனுஷன் எப்பவும் ஜன்னல் பக்கத்துல உக்காந்து மழையத்தான் பாக்குறான்" என்பான் யதீசன்.

"பாக்கட்டும். உன் ஆளு ஜன்னல ஒடச்சிக்கிட்டு வர்றதுக்கு அது மேல்."

ஒரே ஒரு விதிதான். புத்தகத்தைக் கொடுக்கும்போது கதை சொல்லக் கூடாது. பத்துக்கு எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி, கடைசிப் பக்கத்தில் செருகிவைக்க வேண்டும். அடுத்தவர் முழுதும் படித்து முடித்த பிறகுதான் மதிப்பெண்ணைப் பார்க்க முடியும். ரஞ்சன் சுலபமாக ஒன்பது கொடுப்பவன். பனி விழும் ஊரில் தனியாக வேலை பார்க்கும் ரயில் நிலையக்காரரைப் பற்றிய ஜப்பான் தொடருக்கு ஆறு பாகத்துக்கும் ஒன்பது போட்டான். கஃபார் அதற்கு நாலு போட்டார். பதினோரு வருடத்தில் அவர் ஏழைத் தாண்டியதில்லை.

இந்த வருடம் மார்ச் மாதம் கஃபாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போயிற்று. எழுத்தும் போயிற்று. சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னால் புரிந்துகொள்கிறார் என்றாள் அவர் மனைவி ஹஸீனா. ஆனால் பேப்பரைக் காட்டினால் ஏதோ பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு வாரம் மூன்று நாள் தெரபி. இந்த ஆறு மாதம்தான் முக்கியம், அவரே முயற்சி செய்தால்தான் கை வரும், பேச்சும் கொஞ்சம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கஃபார் முயற்சி செய்தார். வலது கட்டைவிரல் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது.

கஃபாரின் கட்சிக்கு ஆள் இல்லாமல் போகக் கூடாது என்று ரஞ்சன் முடிவு செய்தான். ஜூலை மாதக் கடைசியில் பிராஸ் பாசாவில் ஒரு மாடிக் கடைக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சின்னப் பதிப்பகத்துப் புத்தகம் ஒன்றை வாங்கினான். மெல்லிய புத்தகம், நடுவில் தையல். கதையில் ஒரு சொல்கூட இல்லை. பக்கத்துக்கு ஒரு படம். அது போதும் அவனுக்கு. எழுத்தில்லாத புத்தகம் கஃபாருக்காகவே வந்ததுபோல் இருந்தது. இரண்டு பிரதி வாங்கினான்.

தலைப்பு 04-317 என்று ஒரு வீட்டு எண். அதுவும் புத்தகத்தைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையில் மட்டும்தான். முன்னட்டையிலும் பின்னட்டையிலும் ஒரே சாம்பல் நிறக் கதவு. ரயிலில் ஏறியதும் பட்டையைக் கிழித்துப் பையில் போட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தான்.

ஆள் இல்லாத கட்டில். அடுத்த பக்கத்தில் கட்டிலில் ஒரு கிழவர் படுத்திருக்கிறார். பிறகு எழுந்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு மேசையருகில். காலியாக இருந்த அறைக்கு ஒரு நாற்காலி வருகிறது. மனைவி வருகிறாள். வறண்ட தொட்டியில் செடி. மீன்தொட்டியில் தண்ணீர், அப்புறம் மீன். மகள் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். அவர் தாழ்வாரத்தில் நிற்கிறார். லிஃப்டுக்குள் நிற்கிறார். கடைசிப் பக்கத்தில் சந்தை. கூட்டத்துக்கு நடுவே மீன் பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

ரஞ்சன் இறங்க வேண்டிய காத்திப் நிலையத்தைத் தவறவிட்டான். திரும்பி வரும் ரயிலில் இன்னொரு தடவை படித்தான். ஒரே ஒரு குறை பட்டது. கிழவர் கீழே இறங்குகிறார், ஆனால் லிஃப்டில் எரியும் அம்பு மேல்நோக்கி இருந்தது. படம் போடுகிறவர்கள் லிஃப்டை ஒழுங்காகப் பார்ப்பதில்லை. சீட்டில் எழுதினான்: *10. லிஃப்ட் அம்பு தப்பு. பரவாயில்லை.*

ஒரு பிரதியைக் கடைசிப் பக்கத்தில் சீட்டு செருகி, ஆகஸ்ட் சந்திப்பில் யதீசனுக்குக் கொடுக்க எடுத்துவைத்தான். இன்னொன்றைக் கஃபாரின் படுக்கைக்குக் கொண்டுபோய், இடது கை எட்டும்படி சாய்வு மேசையில் வைத்தான்.

"எழுத்தே இல்ல பாய். படம்தான். பத்துக்குப் பத்து." அப்புறம் ஹஸீனாவிடமும் சொன்னான். "கடைசிப் பக்கம் வரைக்கும் பாக்கச் சொல்லும்மா. கடைசிப் பக்கத்த மட்டும் விட்டுடக் கூடாது."

ஒரு வாரம் கழித்து, கஃபாரின் நிலைமை பற்றி ஹஸீனா அனுப்பிவந்த குறுஞ்செய்திகள் நின்றன. அடுத்த வாரம் ரஞ்சன் போய் மணி அடித்தபோது அவள் இரும்புக் கதவைத் திறக்காமலே பேசினாள்.

"தூங்குறாங்க அண்ணே."

"தெரபி எப்படிப் போகுது?"

"போகல. வேணாம்னுட்டாங்க. ஆள் வந்தா சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறாங்க."

"ஏன்?"

ஹஸீனா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். மூன்று வாரம் ஓடிவிட்டது. ரஞ்சனுக்குத் தூக்கம் கெட்டது. கட்டைவிரல் அசைந்த மனிதர் ஏன் திரும்பிப் படுத்தார் என்று அவனுக்குப் புரியவில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு டன்லப் தெருவுக்குப் போனபோது யதீசன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் பிளாஸ்டிக் உறையில் ஒரு அமெரிக்கப் புத்தகம். பக்கத்தில் 04-317.

"அண்ணா, நீங்க ரூல உடைச்சிட்டீங்க."

"என்ன ரூல்?"

"சீட்டு. முதல் பக்கத்துல வெச்சிருக்கீங்க. திறந்ததும் பத்துன்னு தெரியுது. ஸ்பாய்ல் ஆயிடுச்சு லா."

"கடைசிப் பக்கத்துலதான்பா வெச்சேன்."

"இல்லண்ணா. மார்க்கெட் படம் இருக்கே, அதுல."

"ஆமா. அதுதான் கடைசிப் பக்கம்."

யதீசன் சிரித்தான். ரஞ்சன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான்.

"மார்க்கெட்லதானே ஸ்டார்ட் ஆகுது? மீன் வாங்கிட்டு வீட்டுக்கு வர்றாரு. அப்புறம் ஒண்ணொண்ணா போகுது. பொண்ணு பெட்டியோட கிளம்புறா. மீன் சாகுது. வைஃப் இல்ல. செடி காயுது. கடைசியில அவரும் இல்ல. காலிக் கட்டில்." டம்ளரைத் தள்ளிவைத்தான். "நல்ல புத்தகம்தான்ணா. நான் எட்டு போடுறேன். ஆனா உங்களுக்கு இது எப்படிப் பத்து? நீங்க சோகமா முடிஞ்சா மூணு குறைக்கிற ஆளாச்சே."

ரஞ்சன் புத்தகத்தை இழுத்துக்கொண்டான்.

"இன்னொண்ணு" என்றான் யதீசன். "அம்பு தப்புன்னு எழுதியிருக்கீங்க. அம்பு கரெக்டாத்தானே இருக்கு? அவர் மேலதானே போறாரு?"

லிஃப்ட் வேலையில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு கேபிள் அறுந்தாலும் மற்றது தாங்கும்; எல்லாம் அறுந்தாலும் பக்கத் தண்டவாளத்தைக் கவ்வும் பிடி ஒன்று இருக்கிறது; பெட்டி விழாது. ரஞ்சன் அந்தப் பிடிக்காகக் காத்திருந்ததுபோல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். எதுவும் கவ்வவில்லை.

இருபத்தைந்து வருடமாக அவன் கை புத்தகத்தின் இடது ஓரத்தைத் தூக்கி வலப்பக்கமாகத்தான் திறக்கிறது. ஜப்பான் புத்தகங்கள் அப்படித்தான் திறக்கும்; நமக்குக் கடைசிப் பக்கம் அவற்றுக்கு முதல் பக்கம். பதிப்பு விவரம் கடைசியில் வந்ததைக்கூடக் கவனித்தான். ஜப்பான் புத்தகங்களிலும் அது கடைசியில்தான் வரும். அம்பு ஒன்றுதான் உண்மையைச் சொன்னது. அதை அவன் படம் போட்டவரின் தவறு என்று எழுதிவைத்தான்.

"அண்ணா? என்னாச்சு?"

"பாய்க்கு ஒண்ணு கொடுத்தேன்" என்றான் ரஞ்சன். "அவருக்கும் இதத்தான் கொடுத்தேன்."

யதீசன் முகம் மாறியது. ரஞ்சன் அந்தப் புத்தகத்தோடு எழுந்து நடந்துவிட்டான். ஜப்பானிலிருந்து வந்த புதுப் புத்தகம் இருந்த பை தோளிலேயே இருந்தது. அதை மாற்றிக்கொள்ளக்கூட இல்லை.

ரயிலில் சந்தைப் படத்திலிருந்து தொடங்கிப் படித்தான். இரண்டு தடவை பார்த்த அதே படங்கள். மகள் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். வந்து நிற்கிறாள் என்று நினைத்திருந்தான். அவள் செருப்பு வெளிப்பக்கம் பார்த்திருந்தது. மனைவி இருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் சுவரில் அவள் படம் மாட்டியிருந்தது. அந்தச் சட்டத்தை முன்பு அவன் கண்ணாடி என்று நினைத்தான். கடைசிக்கு முந்திய பக்கத்தில் கிழவரின் வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வலது கை. அவன் புத்தகத்தை மூடினான். எதிரே உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். தான் ஏதோ சத்தம் போட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஏழாவது மாடியில் மணி அடித்தான். ஹஸீனா வந்தாள். இரும்புக் கதவைத் திறக்கவில்லை. அவன் கையில் இருந்த சாம்பல் அட்டையைப் பார்த்தாள்.

"அதையே திரும்பக் கொண்டுவந்தீங்களா அண்ணே?"

"ஹஸீனா, நான் சொல்லுறத..."

"மூணு வாரமா கேக்கணும்னு இருந்தேன். அவங்களுக்குக் கெட்டது நினைக்கிற ஆள் இல்ல நீங்க. அது தெரியும். அப்புறம் ஏன் அதக் கொடுத்தீங்க? கடைசிப் பக்கத்த விட்டுடாதேன்னு வேற சொன்னீங்க."

"நான் பின்னாலேருந்து படிச்சிட்டேன்மா."

"என்ன?"

"ஜப்பான் புத்தகம் மாதிரி. வலது பக்கத்துலேருந்து." கம்பிக்கு வெளியே நின்றபடியே புத்தகத்தைத் திறந்து காட்டினான். "இப்படிப் பாத்தா கட்டில் முதல்ல வரும். இங்க எழுந்து உக்காருவாரு. இங்க நிப்பாரு. கடைசியில மார்க்கெட்டுக்குப் போயிடுவாரு. நல்லாயிடுறாருன்னு நினைச்சுத்தான் கொடுத்தேன்."

அவன் பக்கங்களைப் புரட்டப் புரட்ட ஹஸீனா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சந்தைப் படம் வந்ததும் செருப்பு அலமாரிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அல்லாவே" என்றாள். "அவங்களும் இப்படித்தான் திறந்தாங்க."

ரஞ்சனுக்கு முதலில் விளங்கவில்லை.

"இடது கைதானே இருக்கு அவங்களுக்கு? இடது கையால இந்தப் பக்கந்தான் திறக்க வருது. நாலு நாள் அப்படியே பாத்தாங்க. திரும்பத் திரும்ப. ஒரு தடவ அந்த மீனத் தொட்டுத் தொட்டு என்னக் கூப்பிட்டாங்க. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? புத்தகம் எந்தப் பக்கம் திறக்கணும்னுகூட மறந்துபோச்சுன்னு நினைச்சேன். பதிப்பகம் பேரு போட்டிருக்கிற பக்கம்தானே முன்பக்கம்? தெரபிஸ்ட் வந்தப்போ அவங்க காதுல விழவே சொன்னேன். பாருங்க, எல்லாம் தலைகீழா ஆயிடுச்சு, ஒரு புத்தகத்தப் பிடிக்கத் தெரியல, முப்பது வருஷமா படிச்ச மனுஷன்னு. நானே திருப்பி வெச்சேன் அண்ணே. நானே ஒவ்வொரு பக்கமா புரட்டிக் காட்டுனேன். கைய எடுக்கப் பாத்தாங்க. நான் விடல. கடைசிப் பக்கம் வரைக்கும் காட்டுனேன்."

தாழ்வாரத்தில் யாரோ துணிக்கம்பை உள்ளே இழுத்தார்கள். பிறகு ஹஸீனா எழுந்து பூட்டைத் திறந்தாள்.

கஃபார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ரஞ்சன் கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவிலிருந்த சந்தில் நுழைந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கஃபார் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாய். நாலு பக்கம்தான். அப்புறம் போயிடுறேன்."

கண் திறக்கவில்லை.

"நான் தப்பாப் படிச்சேன் பாய். நான்."

ஒரு கண் திறந்தது.

ரஞ்சன் புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். வலப்பக்கமாகத் திறந்தான். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "நான் இப்படி." பக்கங்களைப் புரட்டினான். லிஃப்ட் படத்தில் நிறுத்தி அம்பின்மேல் விரலை வைத்தான். "அம்பு மேல. நான் கீழ போறாருன்னு நினைச்சேன். அம்பு தப்புன்னு எழுதிவெச்சேன். இருபத்தஞ்சு வருஷமா லிஃப்ட் பாக்குறவன் நான்." சீட்டை எடுத்துக் காட்டினான். இப்போது எழுத்து அவருக்குப் புரியாது என்பது நினைவுக்கு வந்தது. பத்து விரலையும் விரித்துக் காட்டினான். "பத்து போட்டேன் பாய். பின்பக்கமாப் படிச்சிட்டுப் பத்து போட்டேன். மூளை நல்லா இருக்கிறவன்."

கஃபார் அம்பைப் பார்த்தார். ரஞ்சனைப் பார்த்தார். விரிந்திருந்த பத்து விரல்களைப் பார்த்தார்.

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டது. உடம்பு குலுங்கியது. சமையலறையிலிருந்து ஹஸீனா ஓடிவந்தாள்.

"என்னாச்சு? அண்ணே, என்னாச்சு அவங்களுக்கு? ஆம்புலன்ஸ்..."

சத்தம் பெரிதாயிற்று. கட்டில் கம்பி அதிர்ந்தது. ரஞ்சனும் பயந்துபோய்ப் பின்னால் சாய்ந்து சுவரில் தலையை இடித்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் கஃபாரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, சத்தம் இன்னும் கூடியது. அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. சிரிக்கிறார். மார்ச்சுக்குப் பிறகு அவர் சிரித்து அவர்கள் கேட்டதில்லை. அவர் பழைய சிரிப்பு இப்படி இருக்காது. தெரியாத ஒருவரின் சிரிப்பு அது.

ஹஸீனா வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள்.

சிரிப்பு அடங்கியதும் கஃபார் இடது கையை உயர்த்தினார். மூன்று விரல்.

"மூணா?" என்றான் ரஞ்சன். "பத்துக்கா?"

மூன்று விரலையும் அழுத்தமாக ஆட்டினார்.

"ஒரு கையால எட்டு காட்ட முடியாதுன்னு மூணா? இல்ல நெசமாவே மூணா பாய்?"

கஃபார் அவனைப் பார்த்த பார்வை பதினோரு வருடமாக அவனுக்குத் தெரிந்த பார்வை. பிறகு புத்தகத்தைப் புறங்கையால் தள்ளினார். அது கட்டிலிலிருந்து தரையில் விழுந்தது. விரல் ரஞ்சனின் தோள்பையைக் காட்டியது.

"உக்காரணுமா?" என்றாள் ஹஸீனா. அவர் இடது கையை நீட்டினார். அவள் தூக்கி உட்காரவைத்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவை. செயலற்ற வலது கையை மடிமேல் எடுத்துவைத்து, சாய்வு மேசையை இழுத்துப் போட்டாள். ரஞ்சன் பையிலிருந்து ஜப்பான் புத்தகத்தை எடுத்து வைத்தான். பனி ஊர் ரயில் நிலையக்காரரின் ஏழாவது பாகம்.

கஃபார் மூக்கைச் சுளித்தார். ஆனால் இடது கையை அட்டைமேல் வைத்தார். இடது ஓரத்தை நகத்தால் தூக்கி வலப்பக்கமாகத் திறந்தார்.

ஹஸீனாவின் கை தானாக முன்னே போனது. பாதி வழியில் நின்றது.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "இது எந்தப் பக்கம்?"

"அவர் திறந்த பக்கந்தான்" என்றான் ரஞ்சன்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.